லாந்தர் கோட்டை கட்டிய கதை

1

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பினாங்குத் துறைமுகத்து அதிகாரி ஒருவரின் வெள்ளைச் சட்டையில் நான் டீ ஆற்றினேன். அவர் டீ கேட்டது உண்மை. சட்டையில் கேட்கவில்லை.

பதினான்கு வருஷமாக டீ ஆற்றுகிற கை இது. 1948இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கே வந்து இறங்கியபோது, கட்டுமாவடிக்காரனாகிய எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, இரண்டு குவளைகளுக்கு நடுவே ஒரு கஜ நீளத்துக்கு டீயை அறுந்துபோகாமல் இழுப்பது. கப்பலில் வருகிற மாலுமிகள் குடிக்க மறந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள். அந்தக் கைக்கு, வலது பக்கம் வந்து நின்ற ஆறடி மனிதர் ஒருவர் தெரியவில்லை. அவர் நின்ற இடம் என் கண்ணுக்குக் காலியாகத்தான் இருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. என் மகள் ஜைனப், பதினைந்து வயது, ஓடி வந்து மூன்று பாஷைகளில் மன்னிப்புக் கேட்டாள். மலாய், இங்கிலீஷ், கொஞ்சம் சீனம். மூன்றில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. ஊரிலிருந்து வந்து நாலே வருஷத்தில் இந்தத் தேர்ச்சி. அப்புறம் என் பக்கம் திரும்பி, "வாப்பா, தா ஆப்பா லா" என்றாள். பரவாயில்லை விடுங்கள் என்று அர்த்தம். சட்டை அவளுடையதாக இருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனால் மனைவி ஹாஜரா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"காலைச் சொட்டு விட்டீங்களா இல்லையா?"

"விட்டேன்."

"விட்டா அம்மாம் பெரிய மனுஷன் எப்படித் தெரியாமப் போவாரு?"

கண்ணில் போனது போனதுதான், சொட்டு மருந்து மிச்சம் இருப்பதற்குக் காவல் மட்டும்தான் என்று இவளுக்கு நூறு தடவை சொல்லியாயிற்று. நூற்றோராவது தடவை சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் ஒரு கடிதத்தைக் கையில் திணித்தாள். ஊரிலிருந்து, லாத்தா எழுதியது. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். என் லாத்தாவின் பெயர் மரியம். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதில் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன்னால் நான் ஒத்துக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

2

கடல் கடந்து போனவன் என்றால் ஊரில் ஒரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். தகரப் பெட்டி, அத்தர் பாட்டில், பூப்போட்ட கைலி. எனக்கும் அதெல்லாம் வாய்த்தது. கூடவே, வந்த ஏழாவது வருஷம், விளக்கைச் சுற்றி ஒரு வானவில்லும் வாய்த்தது.

பொழுது சாய்ந்து துறைமுகத்து விளக்குகளைப் போட்டார்கள் என்றால், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம். உள்ளே நீலம், வெளியே சிவப்பு. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வெள்ளைக்காரன் போட்ட கரண்டு விளக்கின் தரமே தரம் என்று நினைத்தேன். சத்தியமாக! 'இங்கே தெருவிளக்குகூட வானவில் காட்டும்' என்று ஊருக்குக் கடிதம் எழுதிப் பெருமை அடித்துக்கொண்டவன் நான். புருவத்துக்கு மேலே ஒரு வலி வரும். படுத்து எழுந்தால் போய்விடும். சினிமாக் கொட்டகையில் இருட்டில் உட்கார்ந்தால் இடைவேளைக்குள் தலை பிளக்கும். படம் மோசம் என்று எழுந்து வந்துவிடுவேன். பாதிப் படங்களுக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருந்தது.

மூன்று வருஷம் இப்படி வானவில் பார்த்துத் திரிந்த பிறகு, கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் "உமக்குக் கண்ணாடி போதாது" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் ஒரு சீன அம்மாள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று பேச யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். செல்லத்துரை என்று பெயர், மருந்து கட்டுகிற வேலை. அவர் பேசுவதும் தமிழ்தான் என்று எனக்கு நிச்சயமாக முதல் அரைமணி நேரம் ஆயிற்று.

"மேலை பாருங்கோ ஐயா. பயப்பிடாதையுங்கோ. கண்ணைச் சிமிட்டாதையுங்கோ."

மல்லாக்கப் படுக்கவைத்து, கண் மரத்துப்போகிற மருந்தை விட்டு, தராசு முள் வைத்த சின்னக் கருவி ஒன்றைக் கருவிழியின் மேலேயே தூக்கி வைத்தார்கள். டாக்டர் அம்மாள் முள்ளைப் பார்த்தார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு செல்லத்துரையிடம் நெடுநேரம் பேசினார்.

"கண்ணுக்குள்ளை ஒரு தண்ணி எந்த நேரமும் ஊறிக்கொண்டிருக்கும் ஐயா. கண்ணீர் இல்லை, இது வேறை. அது வெளியாலை போறதுக்கு ஓரத்திலை ஒரு மூலை இருக்கு. உங்களுக்கு அந்த மூலை பிறவியிலேயே ஒடுக்கம். இப்ப அது கொஞ்சம் கொஞ்சமா ஒட்டிக்கொண்டு வருது. தண்ணிக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறி, பின்னுக்கு இருக்கிற நரம்பைத் தின்னுது."

"அடைப்ப எடுத்துவிட்டா பழையபடி ஆயிருமாங்க?"

"இனிமேல் போகாமல் பாக்கலாம். போனது வராது."

ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நம் வீட்டு அங்கணத்துக் குழியை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற வாய் அது. ஒரு நாள் திடீரென்று அடைத்துக்கொண்டால் வீடு முழுக்கத் தண்ணீர், உடனே குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சிலருக்குக் கண்ணில் அப்படி வருமாம். கண் சிவந்து, உயிர் போகிற வலி வந்து, வாந்தி எடுத்து, அலறிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவார்களாம். கொடுத்துவைத்தவர்கள்! எனக்கு வந்தது நாளுக்கு ஒரு பருக்கையாக அடைகிற ரகம். சிவப்பு இல்லை, அலறல் இல்லை. நடுப் பார்வையைத் தொடாது. செய்தித்தாள் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். ஓரத்திலிருந்து மட்டும் சத்தமில்லாமல் தின்றுகொண்டு வரும். இவ்வளவு மரியாதை தெரிந்த நோயை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஒரு கறுப்புத் துணிக்கு எதிரே உட்காரவைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்கச் சொல்லி, வெள்ளைக் குண்டூசித் தலை ஒன்றை ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டு வந்தார்கள். தெரியும்போது சொல்ல வேண்டும். வலப் பக்கத்தில் அந்த ஊசி எனக்கு ரொம்ப நேரம் வரவே இல்லை. ஊசியைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

3

நாலு வேளைச் சொட்டு. "காலமை, மத்தியானம், பின்னேரம், படுக்கேக்கை" என்றார் செல்லத்துரை. ஆபரேஷனும் செய்துகொள்ளச் சொன்னார்கள். கண்ணில் கத்தியா என்று அதைத் தள்ளிப் போட்டேன்.

இந்த நோய் வலிக்காது, மருந்துதான் வலிக்கும். சொட்டு விழுந்ததும் புருவம் இழுக்கும். கண்பாவை கடுகளவுக்குச் சுருங்கும். வெயிலில் குறை இல்லை. பொழுது சாய்ந்தால் மற்றவர்களுக்கு அரை இருட்டு, எனக்கு முழு இருட்டு. கூடவே ஒரு மாத்திரை. அதைப் போட்டால் விரல் நுனியில் எறும்பு ஊரும். டீக்குவளையைப் பிடிக்கிற விரல்! நோயோடு இருந்தவரை நான் சுகமாக இருந்தேன், வைத்தியம் ஆரம்பித்த பிறகுதான் நோயாளி ஆனேன்.

இன்னொன்று, கண்ணில் விட்ட மருந்து கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். அந்தக் கசப்புதான் என்னைக் கவிழ்த்தது.

சொட்டு ஆரம்பித்த எட்டாம் மாதம் நோன்பு வந்தது. பகலில் சொட்டு விட்டால் தொண்டையில் கசக்கிறதே, அப்படியானால் நோன்பு முறிந்துவிடுமே என்று நானாக நினைத்தேன், நானாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். பள்ளிவாசல் என் கடையிலிருந்து நூறடி. அங்கே தொழவைக்கிற ஹஜ்ரத் தினமும் நோன்பு திறந்த பிறகு என் கடையில்தான் டீ குடிப்பார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் 'கண்ணுக்கு என்ன?' என்பார். சுற்றி இருப்பவர்கள் காதில் விழும். கண் தெரியாதவன் ஆற்றுகிற டீக்குக் கீழே எவன் உட்காருவான்? அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன். முப்பது நாளும் பகல் சொட்டு கிடையாது. விடியுமுன் சாப்பிடுகிற சஹர் அவசரத்தில் காலைச் சொட்டும் பாதி நாள் மறந்துபோனது.

பெருநாள் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தராசு முள், கறுப்புத் துணி, குண்டூசி எல்லாம் முறைப்படி நடந்தன. டாக்டர் அம்மாள் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து நின்று, முகம் சிவந்து, இங்கிலீஷில் ஒரு பக்கம் பேசினார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

செல்லத்துரை தயங்கி, "உங்களுக்கு விசரோ எண்டு கேக்கிறா" என்றார்.

விசர் என்றால் பைத்தியம். அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் ஒரு நாள் ஹஜ்ரத்திடம் உண்மையைச் சொன்னேன். "கண்ணுல விடுற மருந்தால நோன்பு முறியாது பாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அவருக்கு ஒரு டீ ஆற்றிக் கொடுத்தேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று வாங்கிக்கொண்டார்.

4

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கி முடித்த பிறகு டாக்டர் இன்னொரு கேள்வி கேட்டார்.

"உங்கடை குடும்பத்திலை வேறை ஆருக்கும் கண் வருத்தம் இருக்கோ?" என்றார் செல்லத்துரை.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க குடும்பத்துக் கண்ணு வைரம்ங்க. எங்க லாத்தா ஒருத்தி போதும். நிலாவப் பாத்தே மழை சொல்லுவா" என்று ஆரம்பித்தேன்.

கட்டுமாவடியில் நிலாவைச் சுற்றி வட்டம் தெரிந்தால் 'நிலா கோட்டை கட்டியிருக்கு' என்போம். கோட்டை கட்டினால் மழை என்று அர்த்தம். காயப்போட்ட கருவாட்டை அள்ளி உள்ளே வைப்பார்கள், வள்ளங்களை மேடேற்றிக் கட்டுவார்கள். லாத்தாவின் வீட்டுக்காரர், எனக்கு மச்சான், இரண்டு வள்ளம் வைத்திருந்தார். லாத்தாவுக்கு மற்றவர்களுக்கு முன்னால் கோட்டை தெரிந்தது. ஒரு ஐப்பசியில் அவள் சொன்ன மூன்று தடவையும் மழை கொட்டிவிட்டது. ஐப்பசியில் யார் சொன்னாலும் மழை பெய்யும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மழை மரியம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு தையிலும் அவளுக்குக் கோட்டை தெரிந்தது. பங்குனியிலும் தெரிந்தது. வள்ளங்கள் மேடேறிக் கிடந்தன, வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது, ஊர் சிரிக்க ஆரம்பித்தது.

இதெல்லாம் எனக்குக் கடிதத்தில் வந்தது. லாத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல மச்சான் எழுதுவார். 'தம்பி, முன்னே நிலாதான் கோட்டை கட்டும். இப்ப நம்ம வீட்டு லாந்தரும் கட்டுது. அப்ப வீட்டுக்குள்ளயும் மழை பெய்யுமா, கொடை பிடிச்சுக்கிட்டுச் சமைக்கிறியான்னு ஒன் மச்சான் கேக்குறாக.' அந்தக் கடிதத்தை நான் கடையில் நின்றுகொண்டு எல்லாருக்கும் சத்தமாகப் படித்தேன். கடையே குலுங்கிச் சிரித்தது.

டாக்டர் அறையிலும் அதை அதே ராகத்தில் சொன்னேன். செல்லத்துரை சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் அம்மாள் சிரிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வியைச் செல்லத்துரை என்னிடம் சொன்னபோது அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"லாந்தரைச் சுத்தியுமோ ஐயா? என்ன நிறமாம்?"

உள்ளே நீலம், வெளியே சிவப்பு. லாத்தா எழுதவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். எட்டு மாதமாக என் வட்டம் நோய் என்று தெரியும். லாத்தாவின் வட்டம் மழை என்று தெரியும். இரண்டும் ஒரே வட்டம் என்பது மட்டும் என் மரமண்டைக்கு எட்டவில்லை. அந்தக் கடிதம் வந்து அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

5

அன்றைக்கே எழுதினேன். 'உடனே திருச்சிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார், அது மழை இல்லை, வியாதி' என்று விலாவாரியாக எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தம்பி, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஊசியில நூல் கோக்குறேன். மழை ஏமாத்துனா அது மழை செஞ்ச தப்பு. கண்ணு என்ன செய்யும்?'

நானும் மூன்று வருஷம் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரி, மருந்தையாவது அனுப்புவோம் என்று ஒரு சொட்டு பாட்டிலைப் பஞ்சில் சுற்றிப் பார்சல் போட்டேன். டாக்டர் பார்க்காமல் மருந்து அனுப்பக் கூடாது என்று செல்லத்துரை தலைதலையாக அடித்துக்கொண்டார். அவர் கவலைப்பட்டிருக்க வேண்டாம். நாலு மாதம் கழித்து பாட்டில் என்னிடமே திரும்பி வந்தது. மேலே ஏழு முத்திரை. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. விண்ணப்பம் சேர்க்கவில்லை என்று ஒரு சீட்டு, சேர்த்த விண்ணப்பம் வேறு நிறக் காகிதத்தில் இருக்கிறது என்று இன்னொரு சீட்டு. மருந்து அதற்குள் காலாவதி.

நேரில் போவதைத் தவிர வழியில்லை. போனால் திரும்பி வர அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு மூன்று படிவம். கட்டத்துக்குள் கையெழுத்துப் போடு என்றார்கள். எனக்கு நாலு பக்கக் கட்டத்தில் மூன்று பக்கம்தான் தெரிந்தது. வலது கோட்டைத் தாண்டி என் பெயர் ஓடியதும் படிவம் செல்லாது என்றார்கள். இரண்டாவது படிவமும் அப்படியே போயிற்று. மூன்றாவதற்கு ஜைனப் கட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டாள். விரலில் இடித்ததும் நிறுத்தினேன்.

இதற்கிடையில் நானும் ஆபரேஷனுக்குத் தலையைக் கொடுத்தேன். கருவிழித் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டுவார்கள், தண்ணீர் அந்த வழியாக வந்து மூலை மேலும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டிப்போன இடம் ஒட்டினதுதான், அதனால் சொட்டு ஆயுசுக்கும் உண்டு. எல்லாம் முடிந்து நான் கட்டுமாவடியில் போய் இறங்கியபோது, அந்தச் சிரிப்புக் கடிதம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

6

போய்ச் சேர்ந்த மறுநாள் அந்தியில் மஃரிபு தொழுது முடித்து, லாத்தா வீட்டு வாசலில் நின்றோம். வளர்பிறை, பத்தாம் நாளோ என்னவோ. கடலுக்கு மேலே நிலா ஏறியிருந்தது.

"அந்தா பாரு" என்றாள் லாத்தா. "கோட்டை கட்டியிருக்கா இல்லையா? இதப் போயி வியாதிங்கிறியே!"

பார்த்தேன். வெறும் நிலா. ஒரு வளையம் இல்லை, ஒரு மேகம் இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மச்சானைப் பார்த்தேன்.

"மச்சான், ஒங்களுக்குத் தெரியுதா?"

மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எனக்கு மூணு நாலு வருஷமாத் தெரியலை மாப்புள. இவ பாக்குறா, எனக்குத் தெரியலையேன்னு, என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு இருந்தேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இதுதான் எங்கள் ஊர். பார்வை நன்றாக இருந்த மனிதன் தன் கண் கெட்டது என்று ஒளித்துவைத்திருக்கிறான். கண் கெட்டவள் ஊருக்கே வானம் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். சிரிப்பு வந்தது, ஆனால் லாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அவள் நிலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் சொன்ன மழையெல்லாம்?"

"சிலது பெஞ்சுச்சுல லாத்தா."

"அது அதுவாப் பெஞ்சது." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "சரி. நாளைக்குப் பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

அறந்தாங்கி போய், புதுக்கோட்டை போய், அங்கே திருச்சி பஸ் பிடித்தோம். கீரனூரில் பஸ் நின்றபோது லாத்தா தண்ணீர் குடிக்க இறங்கினாள். இறங்கியதும் இடது பக்கம் நின்ற முறுக்குக்காரர் மேல் நேராகப் போய் இடித்து, கூடை உருண்டு, முறுக்கெல்லாம் மண்ணில். "இங்கிட்டு வந்து நிக்கிறியே, ஒரு சத்தம் குடுத்துட்டு நிக்கக் கூடாதா?" என்று அவரையே சண்டைக்கு இழுத்தாள். அந்த ஆள் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை என்பதை நான் பார்த்தேன். இடது கண் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. உடைந்த முறுக்குக்கு நான் சமாதானம் சொல்லிவிட்டு, அவளைக் காப்பாற்றுகிற நினைப்பில் திரும்ப அவளுடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அவளுக்கு இடது பக்கம் தெரியாது, எனக்கு வலது பக்கம் தெரியாது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு திருச்சி வரை போனோம், ஒருவர் கண்ணில் ஒருவர் படவில்லை.

திருச்சி டாக்டரும் அதே தராசு முள்ளை வைத்தார். பிறகு லாத்தாவை உட்காரவைத்து, எதிரே விளக்கைப் போட்டு, "இப்ப ஒரு கண்ணை மட்டும் மூடுறேன்மா" என்று சொல்லி அவளுடைய வலது கண்ணைத் தன் கையால் பொத்தினார்.

லாத்தா கேட்டாள்: "வெளக்க ஏன் அமத்திட்டீங்க?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் கண்ணில் கண்ணீருக்கு மட்டும் அடைப்பே கிடையாது.

இடது கண் போய்விட்டது. வலது கண் இன்னும் காப்பாற்றத்தக்க நிலையில் இருந்தது. சன்னல் வெட்டினார்கள், பத்து நாள் கட்டு, நாலு வேளைச் சொட்டு. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா அதையும் கொஞ்சம் மிச்சம் பிடிச்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் லாத்தாவிடம்தான் சொன்னார். நான்தான் கேட்டுக்கொண்டேன்.

7

எழுதப் படிக்கத் தெரிந்த நான் நாலு வேளையைத் தப்பவிட்டேன். லாத்தா ஒரு தடவைகூடத் தப்பவிட்டதில்லை. சுபுஹு, லுஹர், அஸர், இஷா என்று தொழுகை வேளைக்கு ஒரு சொட்டு கட்டிவைத்துவிட்டாள். நோன்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே மச்சானை அனுப்பிப் பள்ளிவாசலில் கேட்டுவிட்டாளாம். சொட்டு தீர்ந்தால் தானே பஸ் ஏறித் திருச்சிக்குப் போகிறாள். எனக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும், சலாமுக்குப் பதிலாக, 'சொட்டு விட்டியா?' என்றுதான் இருக்கும்.

குடும்பத்தில் எல்லாருக்கும் பார்க்க வேண்டும் என்று இங்கே டாக்டர் சொன்னதால் ஜைனபையும் கூட்டிப்போனேன். அவளுக்கும் மூலை ஒடுக்கம்தானாம். இப்போது ஒன்றும் இல்லை, வருஷம் ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். பேச்சில் எங்கள் ஊர் இல்லை, சாப்பாட்டில் இல்லை, நடையுடையில் இல்லை. கண்ணுக்குள் அந்த மூலை மட்டும் கட்டுமாவடியிலிருந்து அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. சொன்னபோது அவள் 'தா ஆப்பா' என்று சொல்லவில்லை. "மாமிக்குப் போன மாதிரி எனக்கும் போகுமா வாப்பா?" என்று, என் லாத்தாவை நினைத்து, சுத்தத் தமிழில் கேட்டாள். போகாது, நீ வருஷா வருஷம் வருவாய், நான் இழுத்துக்கொண்டு வருவேன் என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்ததை லாத்தாவுக்கு எழுதினேன். உன் லாந்தர்க் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன், எல்லாரும் சிரித்தோம், நான் சிரித்த நேரத்தில் யோசித்திருந்தால் உன் இடது கண் இன்றைக்கு இருந்திருக்கும், என்னை மன்னித்துக்கொள் என்று நாலு பக்கம் எழுதினேன். கட்டத்துக்கு வெளியேயும் நிறைய எழுதினேன்.

அதற்குப் பதில்தான் போன சனிக்கிழமை வந்தது. மச்சான் கையெழுத்து, லாத்தா குரல்.

'தம்பிக்கு லாத்தா சொல்லி எழுதுவது. ஒன் காயிதத்தப் படிச்சு ஒன் மச்சானும் அழுதாக. அடக் கிறுக்கா, நீ சிரிக்கணும்னுதான்டா அத எழுதச் சொன்னேன். அந்த வருஷம் நீ அங்க தனியாக் கெடந்தே. வந்த காயிதத்துல ஒண்ணுலயும் ஒரு சிரிப்பு இல்லை. ஊரு என்னயப் பாத்துச் சிரிக்குது, அந்தச் சிரிப்பு ஒனக்காவது ஒதவட்டுமேன்னு நெனச்சேன். ஒன் மச்சான் வேணாம்னாக. நாந்தான் லாந்தரையும் சேத்து எழுதுங்கன்னேன். நாலு பக்கம் எழுதியிருக்கே, எத்தனை பேரு சிரிச்சாகன்னு எழுதலையே. இந்த ஐப்பசி நல்ல மழை. நான் சொல்லலை, அதுவா வந்துச்சு. மழை விட்டதும் நிலா வந்துச்சு, சும்மா மொட்டையா. அதுவும் நல்லாத்தான் இருக்கு. சொட்டு விட்டியா?'

இந்தக் கடிதத்தை நான் கடையில் படிக்கவில்லை. அடுக்களையில் ஹாஜராவும் ஜைனபும் மட்டும் கேட்கப் படித்தேன்.

பதில் எழுதிப் போட்டுவிட்டேன். இந்தத் தடவை நாலு பக்கம் தேவைப்படவில்லை. பன்னிரண்டு பேர், லாத்தா. என்னையும் சேர்த்தால் பதின்மூன்று.